எலுமிச்சம்பழமும் பிரேக்கும்

பொம்மிடியில் என் தங்கை மகனுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று.

"எப்படி, மாமா?" என்றான் பையன்.

டயரைத் தடவிப் பார்த்தேன். என் தலையைப் போல வழுக்கை! பக்கவாட்டில் 1416 என்று பொறித்திருந்தது. அதாவது, 2016-ஆம் ஆண்டின் பதினாலாவது வாரத்தில் பிறந்த டயர். சங்கிலி தொங்கிற்று. முன் பிரேக்கோ பிடித்தும் பிடிக்கவில்லை.

"அதைத் தொடவே கூடாது தம்பி, குப்புறத் தள்ளிவிடும்" என்று உபதேசித்தார் ஒரு பெரியவர்.

இந்த உபதேசம்தான் ஐயா, நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது! வண்டியை நிறுத்தும்போது பாரம் முன் சக்கரத்துக்குத் தாவுகிறது. நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு அதற்குத்தான். இரண்டையும் சேர்த்து, பதமாகப் பிடிக்கப் பழக்குவதை விட்டுப் பயமுறுத்துகிறோம். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். அல்லது இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயமாகிவிட்டது. இந்தக் கிழ வண்டிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

பூஜை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. டயர், சங்கிலி, பிரேக் கட்டை மூன்றையும் மாற்றிவிட்டுப் போடுங்கள் என்றேன். நல்ல நாள் தவறிவிடுமென்று தங்கை கோபித்துக்கொண்டாள். தவறட்டும், பையன் முழுசாக வீடு திரும்பும் நாளெல்லாம் நல்ல நாள்தான்.