சட்டத்திற்கு எட்டாத தமிழ்

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது தமிழினம் கொதித்தெழுந்தது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியென ஏற்றது. அது ஏட்டளவில் நின்றுவிடாது முழுமையாக நடைமுறைக்கு வரவேண்டுமென்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால், சட்டத்திற்கு எட்டாத தமிழொன்று நம் கண்முன்னே தேய்ந்து வருகிறதே! அதற்கு யார் பொறுப்பு?

புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு மூதாட்டி நம் கையிலுள்ள பொருளைக் காட்டி, "உது என்ன?" என்று கேட்பார். அ, இ, உ என்னும் மூன்று சுட்டுக்களையும் தொல்காப்பியம் கூறுகிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்தது. ஈழத் தமிழர் நாவில் அது இன்றும் வாழ்கிறது. இதனைக் கொச்சையெனத் திருத்துவோர் தொல்காப்பியத்தையே திருத்த முனைகிறார்கள் அன்றோ!

சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றைத் திசையறிந்து அழைப்பவர் எம் கடற்றொழிலாளர். ஒடியல், பூரான், பனாட்டு, ஊமல் எனப் பனையின் ஒவ்வொரு பயனுக்கும் பெயர் வைத்திருப்பவர் எம் தாய்மார். தொழில் மறையுமாயின் சொல்லும் மறையும். சொல்லோடு அத்தொழிலின் அறிவும் மறையும்.

1990, 1991 ஆம் ஆண்டுகளின் போர் தீவக மக்களைத் திசையெங்கும் சிதறடித்தது. கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் எம்மவர் ஊர்க் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் பொருள் உதவுகின்றனர். அதனைப் போற்றுகிறோம். இடிந்த கோபுரத்தை மீண்டும் கட்டலாம். முதியோருடன் மறைந்த தாலாட்டையும் அம்பாப் பாட்டையும் எந்தப் பொருள் கொண்டு மீட்பது?

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கோர்ண்வால் மக்களின் மொழி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியளவில் பேச்சுவழக்கை இழந்தது. 1920 இல் சென் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில் சிலர் சங்கம் அமைத்து, எஞ்சிய சொற்களையும் கதைகளையும் வழக்கங்களையும் திரட்டத் தொடங்கினர். 2002 இல் பிரித்தானிய அரசே அம்மொழிக்கு ஏற்பு வழங்கியது. அவர்கள் இழந்தபின் தேடினார்கள். நமக்கோ சொல்லித்தரும் நாவுகள் இன்னும் திண்ணையில் இருக்கின்றன!

இதற்கு ஆணைக்குழு வேண்டியதில்லை. அரசாங்கத்தின் தயவும் வேண்டியதில்லை. தீவகத்து ஆசிரியர்கள் மாணவர் ஒவ்வொருவரையும் தம் பேரன், பேத்தியாரிடம் வாரம் ஒரு சொல்லோ கதையோ கேட்டு எழுதிவரச் செய்யட்டும். இளைஞர் தம் கைப்பேசியில் அக்குரலைப் பதியட்டும். ஊர்ச் சங்கங்கள் கோபுரத்திற்கு ஒதுக்கும் நிதியில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கட்டும். 2005 முதல் ஈழத்து ஏடுகளைத் திரட்டிவரும் நூலகம் போன்ற நிறுவனங்களிடம் அவற்றை ஒப்படைக்கட்டும்.

மேடையில் தமிழ் வாழ்க என முழங்குவது எளிது. மடத்துவெளித் திண்ணையில் அமர்ந்து தமிழைக் கேட்பதே இன்றைய கடமை. நாளை என்று தள்ளிப்போட வேண்டாம். அந்தத் திண்ணை நாளை வெறுமையாகலாம்.