எந்தக் கோப்பு எந்த அலமாரியில்?

காலை நடைப்பயிற்சியில் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்க கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல இருந்தவராச்சே, புரோகிராம் எழுதறதுல எது சார் கஷ்டம்?" எழுதுவது பெரிய கஷ்டமில்லை, எழுதியதை எங்கே வைப்பது என்பதுதான் கஷ்டம் என்றேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

திரையில் ஒரே பொருளாகத் தெரியும் மென்பொருள் உள்ளே நூற்றுக்கணக்கான கோப்புகளாகக் கிடக்கும். நான் அதிகம் புழங்கியது 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6. அதில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் 'எஃப்ஆர்எம்' என்று முடியும் ஒரு கோப்பு. பொதுக் கணக்குகளுக்கு 'பிஏஎஸ்'. எல்லாவற்றையும் பட்டியலிட்டு வைத்திருப்பது 'விபிபி'. அதை நோட்பேடில் திறந்தே படிக்கலாம். ஜன்னலில் படம் ஏதாவது இருந்தால் அது 'எஃப்ஆர்எக்ஸ்' என்ற ஜோடிக் கோப்பில் போய் உட்காரும். ஒன்றை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போனால், அங்கே படமில்லாத ஜன்னல்தான் திறக்கும்.

விஷுவல் பேசிக்குக்கு ஒரு குணம். நாமாகப் பெயர் வைக்காவிட்டால் அதுவே ஃபார்ம்1, ஃபார்ம்2, மாட்யூல்1 என்று வைத்துக்கொண்டே போகும். பலர் அப்படியே விட்டுவிடுவார்கள். ஊழியர் சிக்கனக் கடன் சங்கம் ஒன்றின் கணக்கு மென்பொருள் ஒருமுறை பழுதுபார்க்க என்னிடம் வந்தது. எழுதிய பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஃபார்ம்1 முதல் ஃபார்ம்47 வரை இருந்தன. வட்டி கணக்கிடும் வரிகள் ரசீது அச்சடிக்கும் ஜன்னலின் பொத்தானுக்குள் இருந்தன! 'புதுசு', 'புதுசு2', 'ஃபைனல்', 'ஃபைனல்சரி' என்று நான்கு ஃபோல்டர்கள் வேறு. சங்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது எதிலிருந்து உண்டானது என்று தேடினால், நான்கிலும் இல்லை. மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் பணி ஓய்வு பெற்ற இரண்டு பேர் கடன் பாக்கி எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு என்று தெரியாமல் சங்க வாசலுக்கு நடந்தார்கள். ஒருவருக்கு அடுத்த மாதம் பெண் கல்யாணம்.

கோப்புகளை எப்படிப் பிரிப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஜன்னல்கள் எல்லாம் ஒரு ஃபோல்டர், கணக்குகள் ஒரு ஃபோல்டர், அறிக்கைகள் ஒரு ஃபோல்டர் என்று பலரும் பிரிக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. நம் அலுவலகங்களில் கடிதங்களை ஒரு பீரோவிலும் ஆணைகளை இன்னொரு பீரோவிலுமா வைத்தோம்? ஒரு பொருளைப் பற்றிய கடிதம், குறிப்பு, ஆணை எல்லாம் ஒரே கோப்பில்தானே இருந்தன? அதுபோல 'கடன்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் கடன் ஜன்னலும் கடன் கணக்கும் கடன் அறிக்கையும். வட்டியில் தகராறு என்றால் ஒரே இடத்தில் தேடினால் போதும். "பொதுவான வரிகளை எங்கே சார் வைக்கிறது?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். பொது என்று ஒரு ஃபோல்டர் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் கண்காணிக்காவிட்டால் அது வீட்டுப் பரண் மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. புரோகிராமும் தகவலும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஆக்சஸ் தகவல் கோப்பை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே வைப்பார்கள். எக்ஸ்பி இருந்தவரை பெரும்பாலும் ஓடியது. 2007-இல் விஸ்டா பரவலாக வந்தபோது, சாதாரணப் பயனர் அங்கே எழுதுவதை விண்டோஸ் தடுத்தது. பழைய புரோகிராம்கள் நின்றுபோகாமலிருக்க, எழுதுவதை 'வர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவிடத்துக்குத் திருப்பிவிட்டது. அந்த மறைவிடம் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி. ஒரே கணினியில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் தங்கள் பெயரில் நுழைந்தால் இருவருக்கும் இரு வேறு கணக்கு! பழைய இடத்திலிருந்து பேக்கப் எடுப்பவருக்குக் கிடைப்பதோ என்றோ நின்றுபோன கணக்கு. பதிவறையில் ஆர்.டிஸ்., எல்.டிஸ். என்று காக்க வேண்டியதையும் கழிக்க வேண்டியதையும் தனித்தனியாகக் கட்டிவைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரிய இடங்களும் ஒழுங்கில் தடுமாறியிருக்கின்றன. லிப்ரெ ஆபீஸ் பலர் வீட்டில் இருக்கும். ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் ஆபீஸின் வாரிசு அது. 1999-இல் சன் நிறுவனம் வாங்கி, மறு ஆண்டு மூல வரிகளைப் பொதுவில் திறந்தது. 2010-இல் லிப்ரெ ஆபீஸ் தனியாகப் பிரிந்தது. இன்றும் அதன் ஃபோல்டர்களில் ரைட்டர் இருப்பது 'எஸ்டபிள்யூ', கால்க் இருப்பது 'எஸ்சி'. ஸ்டார் ரைட்டர், ஸ்டார் கால்க் என்ற பழைய பெயர்களின் மிச்சம். வரிகளுக்கிடையே ஜெர்மன் மொழியில் எழுதியிருந்த குறிப்புகளைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து ஆங்கிலமாக்கினார்கள். ஆனால் அந்த இரண்டெழுத்துப் பெயர்களை மாற்றவில்லை. அது சரி என்றே நினைக்கிறேன். தெரு பெயரை மாற்றினால் தபால்காரர் மட்டுமா திண்டாடுவார்? அதற்குப் பதில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் இது இன்ன வேலைக்கு என்று ஒரு சிறு குறிப்பை வைத்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பும் 'டிஏ' என்ற ஃபோல்டருக்குள் அதே அமைப்பில்தான் இருக்கிறது. ரைட்டரின் தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் அதற்குள்ளிருக்கும் 'எஸ்டபிள்யூ'வுக்குப் போக வேண்டும். பெயர் புரியாமல் போனாலும் வழி புரிகிறது.

உங்களில் பலர் குடியிருப்போர் சங்கம், கோயில் கமிட்டி என்று பொறுப்பில் இருக்கிறீர்கள். யாரோ ஒரு பையன் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருப்பான். ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மூல ஃபோல்டரைக் கேட்டு வாங்குங்கள். எது எங்கே இருக்கிறது, தகவல் எந்த ஃபோல்டரில், பேக்கப் எங்கிருந்து எடுப்பது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.