மலை நகரங்களின் விரிசல்

உத்தரகண்ட் மாநிலத்தில் பத்ரிநாத் செல்லும் வழியில், சுமார் 6,000 அடி உயரத்தில் உள்ளது ஜோஷிமட். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிருதி என வைணவர்கள் போற்றும் இந்நகரில், 2023 ஜனவரியில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. கடும் குளிரில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. இதை இயற்கையின் சீற்றம் என்று கூறிக் கடந்துவிட முடியாது.

ஏனெனில், இந்த ஆபத்து 1976-லேயே அரசுக்குத் தெரியும். கர்வால் கோட்ட ஆணையராக இருந்த எம்.சி. மிஸ்ரா தலைமையிலான குழு, ஜோஷிமட் உறுதியான பாறையின்மீது அல்ல, பழைய நிலச்சரிவு விட்டுச்சென்ற மணலும் கற்களும் சேர்ந்த படிவின்மீது அமைந்துள்ளது என எச்சரித்தது. மண்ணின் தாங்குதிறனை ஆராயாமல் பெரிய கட்டுமானங்கள் கூடாது, வெடிவைத்துப் பாறைகளைத் தகர்க்கக் கூடாது, வடிகால் வசதி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

நடந்தது நேர்மாறு. முறையான கழிவுநீர் வடிகால் இல்லாத சரிவுகளில் பல மாடி விடுதிகள் எழுந்தன. 520 மெகாவாட் தபோவன்-விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்தின் சுரங்கமே நிலம் தாழக் காரணம் என்கின்றனர் உள்ளூர் மக்கள். தேசிய அனல்மின் கழகம் அதை மறுக்கிறது. உண்மையை வெளிப்படையாக ஆராய வேண்டிய நேரத்தில், 12 நாள்களில் 5.4 செ.மீ. நிலம் தாழ்ந்ததாக இஸ்ரோவின் மையம் வெளியிட்ட அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. ஊடகங்களிடம் பேச வேண்டாம் என ஆய்வு நிறுவனங்களுக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தியது. வீட்டை இழந்தவனுக்குக் காரணத்தை அறியும் உரிமைகூட இல்லையா?

சிம்லாவின் கதையும் வேறல்ல. ஆங்கிலேயர் சுமார் 25,000 பேருக்கெனத் திட்டமிட்ட அந்நகரின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் 1.7 லட்சத்தை நெருங்கியது. 2023 ஆகஸ்ட் மழையில், சம்மர் ஹில் பகுதியில் சிவன் கோயில் மண்ணில் புதைந்து 20 பேர் மாண்டனர். அங்கு கட்டுமானங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் விதித்த கட்டுப்பாடுகளை 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. நகரத் திட்டமிடல் மாநில அரசின் அதிகாரம் என்பதே அதன் சாரம். அதிகாரம் அரசுடையது என்றால், பொறுப்பும் அரசுடையதுதானே?

வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். எனவே, குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை இனி அதிகரிக்கவே செய்யும். அந்த மழையைத் தடுக்க எந்த மாநில அரசாலும் இயலாது. ஆனால், நீரோடையின் பாதையில் விடுதி எழுவதைத் தடுக்க முடியும்.

மலைவாழ் மக்களுக்கு வீடும் சாலையும் வேலையும் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், சரிவு இடியும்போது முதலில் வீடிழப்பவர்களும் அவர்கள்தான். ஒவ்வொரு மலை நகரத்தின் தாங்குதிறனையும் கணித்து, அதற்கு மேல் அனுமதி வழங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் இன்றியமையாதது. ஆய்வறிக்கைகள் உள்ளூர் மொழியில் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

மிஸ்ரா குழு கூறியது பரிந்துரையாகவே நின்றுபோனது. அது சட்டமாகியிருந்தால் ஜோஷிமட் மக்கள் முகாம்களில் தங்க நேர்ந்திருக்காது. இன்னொரு நகரம் பிளந்த பிறகு இன்னொரு குழு அமைப்பதில் யாருக்கு என்ன பயன்?