ஒலிபெருக்கியில் ஒரு பையன்

குற்றாலம் சீசனில் பேரருவி இரைச்சலை மீறி ஒலிபெருக்கி கூப்பிடும்: சிவப்புச் சட்டை போட்ட பையன் இங்கே இருக்கிறான், பெற்றோர் வரவும். தலையில் எண்ணெய் வழிய, பாதி தின்ற நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை விடாமல் நிற்பான். அழுகை அம்மாவுக்கா, தொலைந்த ஒற்றைச் செருப்புக்கா, தெரியாது. இருண்ட எதிர்காலம் பேசும் நாவல்களில் இவனுக்கு இடமில்லை. பி.டி. ஜேம்ஸ் 1992-இல் எழுதிய ‘தி சில்ட்ரன் ஆஃப் மென்’ உலகமே பிள்ளையைத் தொலைத்த கதை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். இரண்டிலும் குழந்தை நாளைக்கான அடையாளம். அடையாளத்துக்குப் பசிக்காது, மூக்கு ஒழுகாது. கதைக்கு வசதிதான், எனக்கு அது குறையாகவே படுகிறது. சீசனுக்கு வருகிறவர்கள் பிள்ளையின் கையில் போன் நம்பரை எழுதிவிட்டு அருவிக்குப் போங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், தண்ணீரில் அழியாத மார்க்கர்.