ஏற்காட்டுக்கு 5,000 ரூபாய் கத்தி எதுக்கு?

"சார், தீபாவளி போனஸ் வந்திருக்கு. நாங்க அஞ்சு பேர் ஏற்காடு போறோம். ஒரு எஸ்டேட்டுக்குள்ள டென்ட் போட்டு ரெண்டு நைட். 5,000 ரூபாய்க்குள்ள நல்ல ஹண்டிங் நைஃப் ஒண்ணு சொல்லுங்க."

எஸ்ஐபி, ஹெச்ஆர்ஏ, பழைய ரெஜிமா புது ரெஜிமான்னு மட்டுமே கேள்வி வர்ற என் இன்பாக்ஸ்ல போன வாரம் வந்த மெயில் இது. முதல்ல சிரிச்சேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் இதே கேள்வியோட அலைஞ்சவன்தான். பதில் சொல்ல ஆள் இல்லாததால 3,900 ரூபாய் கொடுத்துக் கத்துக்கிட்டேன்.

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். 1,000 ரூபாயைத் தாண்டாதீங்க. 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சா இன்னும் நல்லது. அதுக்கு மேல நீங்க கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் கத்திக்குப் போறதில்லை, போட்டோவுக்குப் போகுது.

என் 3,900 ரூபாய் கதைக்கு வர்றேன். ஆன்லைன்ல பார்த்துப் பார்த்து வாங்கினது. கறுப்பு கலர், பத்து அங்குல பிளேடு, முதுகுல ரம்பப் பல், பிடியோட அடியில ஒரு குட்டி காம்பஸ். பிடி உள்ளே வெற்றுக் குழாய். அதுக்குள்ள தீப்பெட்டி, தூண்டில் முள் எல்லாம் வெச்சிருந்தாங்க. 1982-ல வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்துல ராம்போ வெச்சிருந்த கத்தியோட நகலுக்கு நகல். ஏற்காட்டுல நாங்க தங்கின தோட்டத்துல, அவங்களே ஒதுக்கிக் கொடுத்த இடத்துல ராத்திரி தீ மூட்ட சில்வர் ஓக் விறகைப் பிளக்கப் போனேன். மூணாவது அடியில பிளேடு பிடியை விட்டுக் கழன்று, பக்கத்துல உட்கார்ந்திருந்த நண்பனோட கால்கிட்ட போய் விழுந்துச்சு. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா, ராத்திரி பத்து மணிக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு ஓடியிருக்கணும்.

சத்தம் கேட்டுத் தோட்டத்துல வேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தர் வந்தார். கழன்ற பிளேடை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க தம்பி, இது பொம்மைக் கத்திங்களா?"

"இல்லைங்கய்யா, 3,900 ரூபாய்."

அவர் ஒண்ணும் சொல்லலை. இடுப்புல இருந்த கவாத்துக் கத்தியை எடுத்து, பத்து நிமிஷத்துல விறகைச் சீவி, சிராய் எடுத்து, தீயும் மூட்டிக் கொடுத்துட்டார். சேலத்துல 350 ரூபாய்க்கு வாங்கினதாம், ஏழெட்டு வருஷம் ஆச்சாம்.

அந்த மலையில இது புது வித்தை இல்லை. சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் அங்கே காபியைக் கொண்டு வந்ததிலிருந்து காபிச்செடி கவாத்து, நிழல் மரக் கிளை கழிக்கிறது, மிளகுக்கொடி ஏத்திவிடுறதுன்னு இருநூறு வருஷமா கத்தியோடதான் வேலை நடக்குது. வேலைக்காகக் கத்தி வெச்சிருக்கிறவங்க யாரும் 5,000 ரூபாய் கத்தி வெச்சிருந்து நான் பார்க்கலை.

இப்போ அந்த 'ஹண்டிங்' என்கிற வார்த்தைக்கு வருவோம். எதை வேட்டையாடப் போறீங்க? 1972-ஆம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா கொல்றது மட்டும் இல்லை. கண்ணி வைக்கிறது, பொறி வைக்கிறது, விரட்டுறது, அதுக்கு முயற்சி பண்றது எல்லாமே வேட்டைதான். சேர்வராயன் மலையில உலாவுற காட்டெருமை முதல் அட்டவணையில இருக்கிற விலங்கு. அதுல மாட்டினா குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் ஜெயில். நீங்க வேட்டையாடப் போகலைன்னு எனக்குத் தெரியும். ஆனா பையில 'ஹண்டிங் நைஃப்'னு எழுதின உறையோட காப்புக்காட்டு ஓரத்துல நிற்கும்போது, அதை வனக்காவலருக்குப் புரிய வைக்கிற பொறுப்பு உங்க தலையில விழும். சேர்வராயன் மலை சரணாலயம் இல்லை. அடுத்த ட்ரிப் முதுமலைப் பக்கம்னா அதே சட்டத்தோட 31-வது பிரிவு ஞாபகம் இருக்கட்டும்: சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம ஆயுதத்தோட நுழையறதே குற்றம்.

அளவுக்கும் ஒரு கோடு இருக்கு. 2016-ஆம் வருஷ ஆயுத விதிகளோட முதல் அட்டவணையில, 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள பிளேடு ஆயுதப் பட்டியல்ல வருது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செஞ்ச கத்திகளுக்கு அதுல விலக்கு உண்டு. என் பத்து அங்குல ராம்போ கத்தியை எந்த வீட்டு வேலைக்குன்னு சொல்லியிருப்பேன்? அன்னைக்கு என் பையை யாரும் சோதிக்கலை, அவ்வளவுதான்.

சரி, என் தொழிலுக்கு வர்றேன். இந்த வித்தியாசம் வரியிலேயும் இருக்கு. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். கத்தி ஜிஎஸ்டியில 8211 என்ற தலைப்புல வருது. 2022 ஜூலை 18-லிருந்து அதுக்கு வரி 12 சதவீதத்துல இருந்து 18 ஆச்சு. ஆனா கோடாலி, அரிவாள், கொடுவாள், கவாத்துக் கத்தரி மாதிரி விவசாயக் கைக்கருவிகள் 8201-ல வருது. அதுக்கு வரி பூஜ்யம். அதாவது 4,999 ரூபாய்க்கு ஒரு ஸ்டைல் கத்தி வாங்கினா அதுல சுமார் 763 ரூபாய் வரி. அந்த வரிப் பணத்துலயே பெரியவர் வெச்சிருந்த மாதிரி ரெண்டு கத்தி வாங்கிடலாம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'ல போட்டுக்கலாம்னு நினைச்சீங்கன்னா, அந்தக் கணக்கையும் பாருங்க. கிரெடிட் கார்டு நோ காஸ்ட் இஎம்ஐயில பேங்க் வட்டி போடாம இல்லை. அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரர் முன்னாடியே தள்ளுபடி கொடுக்கிறார், அவ்வளவுதான். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்க பில்லுல வரும். 4,999 ரூபாய், ஆறு மாசம், 15 சதவீத வட்டின்னு வெச்சுக்கிட்டா வட்டி சுமார் 212 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி 38. ப்ராசஸிங் ஃபீஸ் 199-ன்னு எடுத்துக்கிட்டா அதுவும் அதோட ஜிஎஸ்டியும் 235. ஆக 'நோ காஸ்ட்'டோட காஸ்ட் 273 ரூபாய். ஒரு கத்திக்காக ஆறு மாசம் ஸ்டேட்மென்ட் பார்க்கிறதே எனக்கு ஒப்பலை. இது டூவீலரோ லேப்டாப்போ இல்லை.

அப்போ எதைத்தான் வாங்குறது?

ரெண்டு நாள் ட்ரிப்புல கத்திக்கு என்ன வேலைன்னு முதல்ல நேர்மையா எழுதிப் பாருங்க. கயிறு வெட்டணும். பாக்கெட் பிரிக்கணும். வெங்காயம், தக்காளி, வழியில வாங்கின ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் நறுக்கணும். எஸ்டேட்டுல தீ மூட்ட அனுமதி இருந்தா, கொஞ்சம் சிராய் சீவணும். இதுக்கு மேல எதுவும் இல்லை. டென்ட் முளை அடிக்கக் கல்லு போதும். மரம் வெட்டுற வேலை உங்களுக்குக் கிடையவே கிடையாது. காப்புக்காட்டுல மரம் வெட்டுறதும் தீ வைக்கிறதும் 1882-ஆம் வருஷ தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சுல தேனி குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கி உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காட்டுப் பக்கம் தீப்பெட்டியை எடுக்காதீங்க.

இந்த வேலைக்கெல்லாம் நாலு அங்குல பிளேடு, ரெண்டரை முதல் மூணு மில்லிமீட்டர் தடிமன், ஒரு பக்க வாய், பல் இல்லாத நேரான கூர் போதும். ரம்பப் பல் மரத்தையும் அறுக்காது, கயிறையும் ஒழுங்கா வெட்டாது. பிடிக்குள்ள போற இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் போகுதான்னு பாருங்க. ரெண்டு மூணு ரிவெட் அடிச்சிருந்தா வெளியிலேயே தெரியும். ஆனா இதை ஒரு மதமாக்க வேண்டாம். ஸ்வீடனோட மோரா கம்பெனி 'கம்பானியன்'ல இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் போறதில்லை. பிளாஸ்டிக் பிடி, பத்து சென்டிமீட்டர் பிளேடு, பார்க்க ஸ்கூல் பையன் சாமான் மாதிரி இருக்கும். உலகம் முழுக்கக் காட்டுக்குப் போறவங்க நம்புற கத்தி அது. அங்கே அது மலிவுச் சரக்கு. இங்கே இறக்குமதிச் செலவு சேர்ந்து விலை ஏறிடுது, அதனாலதான் என் முதல் சாய்ஸா சொல்லலை. யாராவது வெளிநாட்டுல இருந்து வர்றாங்கன்னா, செக்-இன் லக்கேஜ்ல வெச்சுக் கொண்டுவரச் சொல்லுங்க. கேபின் பையில வெச்சா ஏர்போர்ட்டுலயே பறிபோயிடும்.

எஃகு விஷயத்துல ரெண்டே கட்சி. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனா விலை குறைஞ்சதுல கூர் சீக்கிரம் மழுங்கும். உறையில வெறும் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்'னு மட்டும் எழுதி, எந்த கிரேடுன்னு சொல்லலைன்னா அதிகம் எதிர்பார்க்காதீங்க. கார்பன் எஃகு நல்லாக் கூர் நிக்கும், சாணை பிடிக்கவும் சுலபம். ஆனா ஏற்காட்டுப் பனிமூட்டத்துல ராத்திரி ஈரத்தோட வெச்சா காலையில செம்பழுப்புப் புள்ளி வந்திருக்கும். துடைச்சுட்டு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினா போதும். இந்தப் பழக்கம் உங்களுக்கு வராதுன்னா ஸ்டெயின்லெஸ்ஸே வாங்குங்க. நான் பாத்திரமே மறுநாள் காலையில கழுவுற ஆள். இருந்தும் கார்பன்தான் வெச்சிருக்கேன்.

அது கிடைச்ச இடம் ஒரு கொல்லன் பட்டறை. கஞ்சமலை இரும்புத் தாது, போர்ட்டோ நோவோவுல ஹீத் துரை ஆரம்பிச்ச இரும்பாலை, இன்னைக்கு சேலம் ஸ்டீல் பிளான்ட்னு இரும்புக்கே பேர் போன மாவட்டத்துக்குப் போயிட்டு, எங்கேயோ செஞ்ச கத்தியை கூரியர்ல வரவழைக்கிறது எனக்கு வேடிக்கையா இருக்கு. பட்டறைகள்ல பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடிச்சுத்தான் பெரும்பாலும் கத்தி செய்றாங்க. அந்த எஃகுல சுமார் 0.6 சதவீதம் கரிமம் இருக்கும். இந்த வேலைக்கு அது நல்ல எஃகு. சிக்கல் துவைச்சல்லதான். சூடு சரியா இல்லைன்னா ஒரு கத்தி மடங்கும், இன்னொண்ணு வாய் உடையும். அதனால பட்டறைக்காரர்கிட்டயே "துவைச்சல் சரியில்லைன்னா திருப்பிக் கொண்டு வரலாங்களா?"ன்னு கேட்டுடுங்க. நான் கேட்டேன். "கொண்டாங்க தம்பி, மறுபடி போட்டுத் தர்றேன்"னு சொன்னார். ஆன்லைன் ரிட்டர்ன் பாலிசியை விட எனக்கு இதுல நம்பிக்கை அதிகம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி மரப்பிடி, பூண் எல்லாம் போட்டு 450 ரூபாய் வாங்கினார். ரெக்ஸின் உறைக்கு செருப்புத் தைக்கிறவர்கிட்ட 80. இப்போ கூட இருக்கும், விசாரிச்சுக்குங்க.

ரெண்டு பக்கமும் கூர் வெச்சு, முனையை ஊசியாக்கி மட்டும் கேட்காதீங்க. அது சூரிக்கத்தி. நல்ல பட்டறைக்காரர்னா எதுக்குன்னு உங்களைத் திருப்பிக் கேட்பார். கேட்கவும் வேணும்.

கடையில ரெடிமேடா வாங்குறீங்கன்னா, கத்தியை விட உறையை நல்லாப் பாருங்க. கத்தியை உள்ளே போட்டு, தரையைப் பார்த்துத் தலைகீழா ரெண்டு உலுக்கு உலுக்குங்க. விழுந்தா வேண்டாம். பிடியை ரெண்டு கையிலயும் பிடிச்சு முறுக்கிப் பாருங்க, ஆடினாலும் வேண்டாம். இதுவும் முடியலையா, வீட்டுக் கிச்சன் கத்தியை அட்டை சுத்தி டேப் ஒட்டி எடுத்துட்டுப் போங்க. செலவு பூஜ்யம். விறகைத் தவிர நான் மேலே சொன்ன எல்லா வேலையும் அது பார்க்கும்.

போகும்போது அதைப் பையோட அடியில, சமையல் சாமான்களோட வையுங்க. இடுப்புல கட்டிக்கிட்டு பைக்ல போற வேலை வேண்டாம். செக்போஸ்டுல கேட்டா, தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் நடுவுல இருக்கிற நாலு அங்குலக் கத்தியே உங்களுக்காகப் பேசிடும்.

5,000 பட்ஜெட்ல மிச்சம் 4,500 இருக்கேன்னு கேட்பீங்க. அதுல முதல்ல ஒரு நல்ல ஹெட்லேம்ப். அப்புறம் பஞ்சு, கட்டுத்துணி, டிஞ்சர் எல்லாம் இருக்கிற முதலுதவிப் பை. டெட்டனஸ் ஊசி கடைசியா எப்போ போட்டீங்கன்னு வீட்டுல கேளுங்க. அன்னைக்கு எங்க அஞ்சு பேர்ல யார்கிட்டயும் ஒரு பேண்டேஜ்கூட இல்லை. 3,900 ரூபாய் கத்தி மட்டும் இருந்துச்சு.

அந்த பிளேடு இன்னமும் என் வீட்டு லாஃப்ட்ல கிடக்குது. காம்பஸ் மட்டும் வேலை செய்யுது, பையன் விளையாடிக்கிட்டு இருக்கான். அடுத்த வாரம் வீடியோவுல டென்ட்டை வாங்குறதா வாடகைக்கு எடுக்கிறதான்னு கணக்குப் போடலாம். அதுலயும் நான் கொஞ்சம் காசு விட்டிருக்கேன்.