குறுக்கே பேசுவது யார்?

எலவனாசூர்கோட்டையிலிருந்து பேருந்தில் கல்லூரிக்குப் போய்வந்த நாட்களில், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ‘இன்டரப்ட்’ என்ற வினைச்சொல்லைப் படித்தேன். குறுக்கிடுதல் என்று பொருள் சொன்னார்கள். கூடவே தந்த முதல் வாக்கியம் ‘சாரி டு இன்டரப்ட்’. பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் மன்னிப்புக் கேட்டுப் பழகினோம். ‘என் பேச்சில் குறுக்கிடாதீர்கள்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

குறுக்கீடு எனக்குப் புதிதல்ல. “பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாத” என்று கேட்டே வளர்ந்தேன். என் கல்யாணப் பேச்சில் நான் வாய் திறந்ததும் குறுக்கீடுதான். அதே பேச்சில் தம்பி சொன்னது மட்டும் யோசனை.

1975இல் அமெரிக்காவில் சிம்மர்மனும் வெஸ்ட்டும் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்ட 11 உரையாடல்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் இருந்த 48 குறுக்கீடுகளில் 46 ஆண்கள் செய்தவை. சின்ன ஆய்வுதான். ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறாகவா வரும்? 2020 துணை அதிபர் விவாதத்தில், துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸே ‘நான் பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் 2016இல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் கொடுத்தார்கள். நாற்காலி வந்தது. ஒரு கிராம சபையில் பெண் உறுப்பினர் ஒருவர் தண்ணீர்ப் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினார். “நீ இரும்மா, உன் வீட்டுக்காரர் சொல்லட்டும்” என்றது ஒரு குரல். அதற்குப் பெயர் குறுக்கீடு இல்லையாம், உதவியாம்!

‘இன்டரப்ட்’ பெரும்பாலும் செயப்படுபொருளைக் கேட்கும் வினை. யாரை, எதை என்று சொல்ல வேண்டும். ‘குறுக்கே பேசாதே’ என்ற அதட்டலுக்கு அது தேவையில்லை. யாருடைய பேச்சு அறுந்தது என்று சொல்லாமலே குற்றத்தை நம் தலையில் கட்டிவிடலாம்.

இதற்கு ஆங்கிலம்தான் வர வேண்டும் என்றில்லை. “எம் பேச்ச வெட்டாத” என்பாள் அம்மா. பறிபோனது என்ன, யாருடையது, இரண்டும் அதில் இருக்கிறது. அவளுக்குச் சொல் இருந்தது. வெட்டியவர் நிறுத்தவில்லை என்பதுதான் குறை.

ஆகவே, மகள்களுக்கு மன்னிப்பு வாக்கியத்தை முதலில் சொல்லித்தராதீர்கள். இதைச் சொல்லித்தாருங்கள்: “நான் இன்னும் பேசி முடிக்கல.”