பெண்களும் கம்ப்யூட்டர் தொழிலும்

கம்ப்யூட்டர் தொழிலில் பெண்கள் வேலைக்கு வரலாம், ஆனால் தலைமை ஸ்தானத்துக்கு வரமுடியாது என்று படித்தவர்களாகிய பலர் இன்றும் சொல்லி வருகிறார்கள். ஏன் என்று கேட்டால் மூன்று காரணம் சொல்லுகிறார்கள். ஒன்று, நுட்பமான கணக்கு வேலைக்குப் பெண்ணின் மூளை ஏற்றதல்ல என்பது. இரண்டு, கல்யாணமும் பிள்ளைப்பேறும் வந்தால் பெண் வேலையை விட்டுப் போய்விடுவாள் என்பது. மூன்று, பெண்ணின் கீழ் ஆண்கள் வேலை செய்யச் சம்மதிக்கமாட்டார்கள் என்பது. இம்மூன்றையும் நாம் வெறும் வாய்ப்பேச்சினால் அல்லாமல், உலகத்தில் நடந்த சங்கதிகளைக் கொண்டே பரிசோதித்துப் பார்க்க விரும்புகின்றோம்.

முதலாவதாக மூளையின் யோக்கியதையைப் பார்ப்போம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் எனியாக் என்னும் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று கட்டப்பட்டது. அதைக் கணக்குப் போடும்படி செய்கிற வேலை 1945-ல் கே மக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்ற ஆறு பெண்களிடம் ஒப்புவிக்கப்பட்டது. அந்த வேலைக்கு அன்று பாடப் புத்தகமும் கிடையாது. சொல்லிக்கொடுக்க வாத்தியாரும் கிடையாது. இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்தே அவர்கள் அதன் போக்கைத் தெரிந்துகொண்டார்கள். 1946 பிப்ரவரியில் அந்த இயந்திரத்தை உலகத்துக்குக் காட்டிய நாளில், பீரங்கிக் குண்டு போகும் பாதையை அது கணக்குப் போட்டுக் காட்டியது. அந்தக் கணக்கைத் தயார் செய்து கொடுத்தவர்கள் இந்த ஆறு பேரில் இரண்டு பேர். அன்று இரவு நடந்த விருந்துக்கு ஆறு பேரில் ஒருவர் கூட அழைக்கப்படவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1997-ல்தான், தொழில்நுட்பத் துறைப் பெண்களின் சர்வதேச ஸ்தாபனம் ஒன்று அவர்கள் அறுவரையும் கௌரவித்தது.

இதற்குக் காரணம் என்ன? இயந்திரத்தைக் கட்டுவதுதான் பெரிய வேலை, அதற்குக் கட்டளை எழுதுவது குமாஸ்தா வேலை என்று அன்று எண்ணினார்கள். ஆகையால் பெண்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு அதே வேலையில் பணமும் பெருமையும் வந்து சேர்ந்தவுடன், அது ஆண்களுக்கென்றே இயற்கையில் ஏற்பட்ட வேலையாக மாறிவிட்டது! அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1984-ல் 100-க்குச் சுமார் 37 பேர். 2010 வாக்கில் சுமார் 18 பேர். இந்தச் சொற்ப காலத்தில் பெண்ணின் மூளை பாதியாகச் சுருங்கிப் போய்விட்டதா? மூளை அப்படியேதான் இருந்தது. வாசல்தான் சுருங்கிற்று. ஆகவே இயற்கை என்று இவர்கள் சொல்லுவதெல்லாம் மனிதன் செய்த ஏற்பாடே அல்லாமல் வேறல்ல.

நிற்க, இரண்டாவது காரணத்தைப் பார்ப்போம். இதற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ஷெர்லி அம்மையாரின் வாழ்க்கையே போதுமான பதிலாகும். 1933-ல் ஜெர்மனியில் பிறந்து, யூதர்களை நாஜிகள் வேட்டையாடிய காலத்தில், 1939-ல், 5 வயதுக் குழந்தையாக அகதி ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்டு இங்கிலாந்து வந்து சேர்ந்தவர் அவர். 18-வது வயதில் தபால் இலாகாவின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு அமர்ந்து, இரவுப் பள்ளியில் 6 வருஷம் படித்துக் கணிதத்தில் பட்டம் பெற்றார். அந்த நாட்டில் கல்யாணமான பெண் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கக்கூடாது என்ற பொது விதி 1946-ல்தான் நீக்கப்பட்டது. விதி போயிற்றே ஒழிய, அதைப் பிடித்துக்கொண்டிருந்த புத்தி போகவில்லை. கெட்டிக்காரப் பெண்கள் பலர் கல்யாணத்தோடும் பிரசவத்தோடும் வீட்டில் போய் முடங்கினார்கள்.

1962-ல் அம்மையார் 6 பவுன் முதல் போட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேஜையையே ஆபீசாகக் கொண்டு, கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். வேலை கேட்டுப் பல கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. அவருடைய கணவர் ஒரு யோசனை சொன்னார். ஸ்டெஃபனி என்று போடாமல், வீட்டில் அழைக்கும் ஸ்டீவ் என்ற ஆண் பெயரைப் போட்டுக் கையெழுத்திடச் சொன்னார். அப்படியே செய்தார். பதில்கள் வர ஆரம்பித்தன!

தோழர்களே! கடிதத்தில் எழுதிய சங்கதி மாறவில்லை. எழுதியவரின் அறிவும் ஒரே இரவில் வளர்ந்துவிடவில்லை. அடியில் இருந்த பெயர் ஒன்றுதான் மாறிற்று. பெண்ணுக்குத் திறமை போதாது என்று சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லப் போகிறார்கள்? அவர்கள் திறமையைப் பார்க்கவே இல்லை; பெயரைப் பார்த்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் உண்டா?

அம்மையார் தமக்கு மாத்திரம் வழி தேடிக்கொண்டிருந்தால் நாம் இவ்வளவு தூரம் எழுத வந்திருக்கமாட்டோம். கல்யாணத்தினாலும் பிள்ளைப்பேற்றினாலும் வேலை இழந்த பெண்களையே அவர் தேடித் தேடிச் சேர்த்தார். அவர்கள் தத்தம் வீட்டிலிருந்தே கையால் புரோகிராம் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். வேறோரிடத்தில் அது காகித நாடாவிலும் அட்டையிலும் துளையிடப்பட்டது. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதியவர்கள் இப்படி வீட்டிலிருந்து வேலை செய்த பெண்களேயாவார்கள். கல்யாணம் ஆனால் பெண் போய்விடுவாள் என்றார்களே, அவள் போனாளா, அனுப்பப்பட்டாளா? திரும்பி வர ஒரு வழி வைத்தவுடன் நூற்றுக்கணக்கில் வந்தார்களே!

இனி மூன்றாவது காரணம். அந்தக் கம்பெனியில் முதல் 300 பேரில் 3 பேரே ஆண்கள். 1975-ல் அந்த நாட்டில் உத்தியோகத்தில் ஆண் பெண் பாரபட்சம் காட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. பெண்களுக்காக வந்த அந்தச் சட்டம், பெண்களுக்கே வேலை கொடுக்கும் அம்மையாரின் கொள்கையையும் செல்லாததாக்கிவிட்டது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நாம் அதைச் சரியென்றே சொல்லுவோம். ஆண் ஆதிக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெண் ஆதிக்கத்தை வைக்கவேண்டும் என்பது நமது கருத்தல்ல. ஆண்களும் சேர்ந்தார்கள், கம்பெனி கவிழ்ந்துவிடவில்லை. 1996-ல் லண்டன் பங்கு மார்க்கெட்டுக்கே வந்தது. அதற்கு முன்னமேயே அம்மையார் கம்பெனியின் ஒரு பகுதியை வேலைக்காரர்களுக்கே பங்காக விட்டுக்கொடுத்திருந்தார். அதனால் அவர்களில் 70 பேர் லட்சாதிபதிகளுக்கும் மேலான பணக்காரர்கள் ஆனார்கள். தலைமை என்றால் நாற்காலி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தான் ஏறிய ஏணியைப் பிறருக்கும் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் தலைமை என்பது.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறைக்க விரும்பவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்பது பெண்ணுக்கு வழியும் ஆகலாம், விலங்கும் ஆகலாம். ஒரு கையில் புரோகிராமும் மறு கையில் கரண்டியுமாக இரண்டு வேலையையும் அவளே சுமந்தால், அது சுதந்திரமல்ல, இரட்டை அடிமைத்தனமேயாகும். அம்மையாரின் ஒரே மகன் கடுமையான ஆட்டிசக் குறையுடையவனாக இருந்தான். அந்தப் பாரமும் கம்பெனியின் பாரமும் சேர்ந்து அவரையே ஒரு சமயம் நோயில் தள்ளின. அவ்வளவு திறமைசாலிக்கே அப்படியென்றால் மற்றப் பெண்களின் கதி என்ன?

நமது நாட்டிலும் சென்னை, கோயமுத்தூர், பெங்களூர் முதலிய பட்டணங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். 2017-ல் செய்த சட்டத் திருத்தம் பிரசவ விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது; 50 பேரும் அதற்கு மேலும் உள்ள ஸ்தாபனங்களில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. மிகவும் நல்லதே. ஆனால் தகப்பனுக்கு அத்திருத்தம் ஒரு நாள் விடுமுறை கூடச் சொல்லவில்லை. பிள்ளை தாய்க்கு மாத்திரமா பிறக்கிறது? விடுமுறை முழுவதும் பெண்ணுக்கே என்றும், அதன் சம்பளம் முழுவதும் முதலாளிக்கே என்றும் இருந்தால், லாபத்தைக் கணக்குப் பார்க்கும் முதலாளி பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்குவான். தகப்பனுக்கும் விடுமுறை வேண்டும். அந்தச் செலவில் சர்க்காரும் பங்கு ஏற்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயமாகும்.

சட்டம் வரட்டும். அதுவரையில் நாம் என்ன செய்யப் போகிறோம்? மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, வேலையிலிருந்து களைத்து வந்த மனைவியைப் பார்த்து "சோறு ஆயிற்றா?" என்று கேட்கிற தோழர்கள் நம்மிலும் இல்லாமல் இல்லை. மகன் என்றால் கடன் வாங்கியாவது இன்ஜினீயரிங் படிக்க வைப்பதும், மகள் என்றால் அந்தப் பணத்தை நகைக்கு ஒதுக்குவதும் நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. அந்த வீட்டுக்கும், ஸ்டெஃபனியின் கடிதத்தைக் கிழித்தெறிந்து ஸ்டீவின் கடிதத்துக்குப் பதில் போட்ட கம்பெனிக்கும் நாம் வித்தியாசம் காணவில்லை.

ஆகையால் ஆண்மக்கள் முதலில் தங்கள் வீட்டு அடுப்படியைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும். மகளுக்கு நகையைக் குறைத்துப் படிப்பைக் கொடுக்கட்டும். ஆபீசில் பெண் சொல்லும் யோசனையைச் சொன்னவர் யார் என்று பாராமல் சொன்னது என்ன என்று பார்க்கட்டும். பெண்மக்களோ, ஒருவர் உயர்ந்தால் பத்துப் பேரைக் கூட அழைத்துக்கொண்டு உயரட்டும். எந்தப் பெண்ணும் தன் சொந்தப் பெயரிலேயே கடிதம் எழுதிப் பதில் பெறும் காலம் வந்தால்தான் பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று நாம் ஒப்புக்கொள்ள முடியும்.